நடுங்கும் கை கேட்கும் கேள்வி

கொங்கு நாட்டின் செல்வம் எது என்று கேட்டால் கோவையின் ஆலைகளைக் காட்டுவோர் உண்டு. திருப்பூரின் பின்னலாடையைக் காட்டுவோர் உண்டு. ஈரோட்டு மஞ்சளையும் பொள்ளாச்சித் தேங்காயையும் காட்டுவோர் உண்டு. அவற்றில் எதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கும் செல்வம் ஒன்று இருக்கிறது. அதுதான் கை! சென்னிமலையில் நாடாவை எறியும் கை. பவானியில் ஜமக்காளத்தின் கோட்டைக் கோணாமல் சேர்க்கும் கை. சோமனூரில் அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சிடும் கை. பீளமேட்டுப் பட்டறையில் லேத் முன்னே நின்று, மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடையும் கை. வாய்க்கால் மடையைத் திறக்கும் கை. இந்தக் கைகள்தாம் வறண்ட மண்ணைத் தொழில் மண்ணாக்கின.

அந்தக் கை ஒருநாள் நடுங்கத் தொடங்கினால்? சட்டைப் பித்தானைப் போட விரல் வர மறுத்தால்? நடக்க எழுந்த கால், தரையில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டால்? அப்போது அந்தக் கைக்கும் காலுக்கும் உரியவரை நாடு எப்படி நடத்துகிறது? இதை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.

வீட்டிலும் வீதியிலும் கேட்பது

"அப்பிச்சிக்கு வயசாயிப் போச்சுங்க, கை நடுங்கத்தானுங்க செய்யும்" என்பார் ஒருவர். "போன பிறவியில செஞ்சதுங்க" என்பார் இன்னொருவர். "ஆரோ செய்வினை வெச்சுட்டாங்க" என்று மந்திரவாதியின் வீட்டுக்கு வழி காட்டுவார் மூன்றாமவர். வாழ்நாளில் கள்ளையோ சாராயத்தையோ தொட்டறியாத முதியவரைப் பார்த்து, "குடிச்சுக் குடிச்சுக் கை ஆடுது" என்று கூசாமல் சொல்லிச் சிரிப்பவர்களும் நாட்டில் உண்டு.

பெண்ணாகப் பிறந்தவள் நிலையோ இன்னும் கொடிது. இந்த நோய் வந்தவரின் முகத்துத் தசைகள் மெல்ல இறுகும். உள்ளத்தில் மகிழ்ச்சி இருக்கும்; முகத்தில் சிரிப்பு வராது. குரலும் தாழும். "அம்மிச்சி யாரோடும் பேசுவதில்லை, முகத்தை உம்மென்று வைத்திருக்கிறாள், மருமகளைப் பிடிக்கவில்லை" என்று வீடே தீர்ப்பு எழுதிவிடும். அவள் பேசுகிறாள், நமக்குத்தான் கேட்கவில்லை. அவள் சிரிக்கிறாள், முகத்துக்கு அது வந்து சேரவில்லை.

எழுத்தும் சுருங்கும். வரியின் தொடக்கத்தில் பெரிதாக இருக்கும் எழுத்து, முடிவுக்கு வருவதற்குள் எள்ளளவாகிவிடும். கையொப்பம் பொருந்தவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்புவர். நியாயவிலைக் கடையில் விரல்ரேகைப் பொறியின்மேல் விரல் நிலைத்து நில்லாது. தான் உழைத்துச் சேர்த்த பணத்தைப் பெற, தான் தானே என்று மெய்ப்பிக்க முடியாமல் ஒரு முதியவர் வரிசையில் நிற்கிறார். வரிசையோ அவர்மேல் சினம் கொள்கிறது!

இதற்குப் பெயர் விதியா? இல்லை. இதற்குப் பெயர் நடுக்குவாதம். மருத்துவ உலகம் பார்க்கின்சன் நோய் என்று அழைக்கிறது. காரணம் ஆராயப்பட்ட நோய். மருந்துள்ள நோய். முற்றாக நீக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் பல்லாண்டுக் காலம் நடமாடவும், உண்ணவும், உழைக்கவும் துணை செய்யும் மருந்து இருக்கிறது. உலகில் இந்நோயுற்றோர் 2019ஆம் ஆண்டிலேயே 85 இலட்சத்துக்கும் மேல் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டது. 85 இலட்சம் பேரும் முற்பிறவியில் ஒரே பாவத்தைச் செய்தனர் போலும்! அப்படித்தானே சொல்ல வேண்டும், விதி பேசுவோர்?

தெருவிலே நோயைக் கண்டவர்

இந்த நோய்க்குத் தம் பெயரைத் தந்தவர் யார் என்பதை அறிந்தால், அவர் நம்மவர் என்றே தோழர்கள் கொண்டாடுவர். ஜேம்ஸ் பார்க்கின்சன் இலண்டன் மாநகரில் ஆக்ஸ்டன் என்னும் பகுதியில் மருத்துவம் பார்த்தவர். மருத்துவர் மட்டுமல்லர், மன்னராட்சியின் மமதையைச் சாடியவர். 'முதிய ஹியூபர்ட்' என்ற புனைபெயரில் துண்டு வெளியீடுகள் எழுதினார். ஏழைக்கும் வாக்குரிமை வேண்டும் என்ற அணியில் நின்றார். மன்னரைக் கொல்லச் சூழ்ச்சி நடந்ததாகக் கூறி அவருடைய தோழர்களைச் சிறைப்படுத்தியபோது, 1794இல் அமைச்சர் அவையின் முன் சென்று அஞ்சாமல் பதில் சொன்னார்.

அவர் 1817இல் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் ஆறு பேரின் நோயை விவரித்தார். அந்த ஆறு பேரில் சிலரைத் தம் மருத்துவ மனையிலே அவர் காணவில்லை. தெருவிலே நடந்து போகையில் கண்டார். கூனிய முதுகு, குறுகிய அடி, ஓய்ந்திருக்கும்போது ஆடும் கை. பலரும் பார்த்துப் பழகிப் போனதை அவர் நின்று பார்த்தார். ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும் இத்தகைய முதியவர்களை நாமும் பார்க்கிறோம். பார்க்கிறோமே தவிர நிற்பதில்லை. நின்று பார்த்தவர் செய்தது ஆராய்ச்சி. பாராமல் போனோர் செய்தது வேதாந்தம்.

உணர்வின்றி இயக்கமில்லை

கை எப்படி அசைகிறது? மூளை ஆணையிடுகிறது, கை பணிகிறது என்று நம்மில் பெரும்பாலோர் கருதுகிறோம். அது பாதி உண்மை. ஆணை போகும் வழி ஒன்று இருப்பதுபோல், செய்தி திரும்பும் வழியும் ஒன்று இருக்கிறது. தோலும் தசையும் மூட்டும் நொடிதோறும் மூளைக்குச் செய்தி அனுப்பிய வண்ணம் இருக்கின்றன: "இழை இறுகிவிட்டது, சற்றே தளர்த்து", "டம்ளர் நழுவுகிறது, சற்றே அழுத்து" என்று. கைதேர்ந்த நெசவாளி கண்ணை மூடிக்கொண்டே இழையின் இறுக்கத்தைச் சொல்வார். அவருடைய திறமை விரல் அசைவில் பாதி, விரல் உணர்வில் பாதி.

உணர்வு போனால் கைக்கு என்ன நேரும் என்பதை உலகுக்கு உணர்த்தியது தமிழ்நாடுதான். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் விரல்கள் ஏன் தேய்ந்து மறைகின்றன என்று ஆராய்ந்தார். நோய் விரலைத் தின்கிறது என்று ஊர் நம்பியது. மருத்துவரிலும் பலர் நம்பினர். அவர் கண்டது வேறு. நோய் உணர்வைக் கொல்கிறது. உணர்வற்ற விரல் சூடான பாத்திரத்தை விடாமல் பிடிக்கிறது; காயத்தின்மேல் காயம் பட்டும் வேலையை நிறுத்துவதில்லை. அதனால்தான் அழிகிறது. "கடவுளின் சாபம்" என்று நூற்றாண்டுகளாகச் சொன்ன கதை, வேலூரின் அறுவை அரங்கில் முடிவுக்கு வந்தது.

நடுக்குவாதத்தையும் வெறும் அசைவு நோய் என்றே நெடுங்காலம் கருதினர். அண்மைக் கால ஆராய்ச்சி அதனைத் திருத்துகிறது. நோயாளி சிறு அடி எடுத்து வைக்கிறார். ஆனால் பெரிய அடி வைத்ததாகவே அவர் உணர்கிறார். மெல்லிய குரலில் பேசுகிறார். உரக்கப் பேசியதாகவே அவர் எண்ணுகிறார். அளக்கும் கோலே சுருங்கிவிட்டது! ஆதலால்தான் "உரக்கப் பேசுங்கள்", "பெரிதாக அடி வையுங்கள்" என்று அவரை அதட்டிப் பயனில்லை. அந்த அளவுகோலை நீட்டித் தரும் பயிற்சியே பயன் தருகிறது. அத்தகைய பயிற்சிகள் இன்று நடைமுறையில் உள்ளன.

மூளையின் எந்த இடம் கையை அசைக்கிறது, எந்த இடம் நாக்கை அசைக்கிறது என்று வரைபடம் போட்டவர் கனடா நாட்டு அறுவை மருத்துவர் பென்பீல்டு. அவரும் அவருடைய துணைவரும் 1937இல் அதை வெளியிட்டனர். பாடநூல்கள் எல்லாம் அதையே அச்சிட்டன. 2023இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் அந்தப் படத்தைத் திருத்தினர். கைக்கும் காலுக்கும் முகத்துக்கும் உரிய இடங்களுக்கு நடுவே வேறு சில இடங்கள் உள்ளன. அவை எண்ணத்தையும் திட்டத்தையும் உடல் முழுவதன் அசைவையும் இணைக்கின்றன என்று கண்டனர். 86 ஆண்டு பாடநூலில் இருந்த படத்தையும் திருத்தலாம் என்பது அறிவியலின் பெருமை. திருத்தக்கூடாது என்பதைப் பெருமையாகக் கொண்ட ஏடுகள் எவை என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

சென்னையில் பிரித்தெடுத்த பொருள்

நடுக்குவாதத்தில் எது கெடுகிறது? மூளையின் நடுப்பகுதியில், கருமை நிறம் படிந்த ஒரு சிறு திட்டு உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. எந்த அசைவைத் தொடங்குவது, எதை அடக்குவது என்பதை மூளை முடிவு செய்யும்போது, அந்தப் பொருள்தான் வாய்க்கால் மடைபோல் நின்று திறந்தும் மூடியும் உதவுகிறது. அந்த உயிரணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. பெரும்பகுதி மடிந்த பிறகே கை ஆடுவது வெளியே தெரிகிறது.

டோபமினை மருந்தாகக் கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதன் முன்னோடிப் பொருளான லெவோடோபா நுழையும். உள்ளே சென்று டோபமினாக மாறும். இந்த லெவோடோபா நம் ஊர் வேலிகளிலும் காடுகளிலும் படரும் பூனைக்காலி விதையில் மிகுதியாக உண்டு. காயின் சுணை தோலில் பட்டால் அரிப்புத் தாளாமல் ஓட வைக்குமே, அதே பூனைக்காலிதான். அந்த விதையிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தோர் யார்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த தாமோதரனும் இராமசாமியும்! ஆண்டு 1937. பென்பீல்டு மூளையின் வரைபடத்தை வெளியிட்ட அதே ஆண்டு.

அதன் பின் நடந்ததையும் கேளுங்கள். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்து 1952இல் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது. சுவீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சன் 1957இல் அந்த ரிசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. லெவோடோபாவைச் செலுத்தினார், சிறிது நேரத்தில் அவை எழுந்து நடமாடின. 1960இல் வியன்னா நகரில், நடுக்குவாதத்தால் மாண்டோரின் மூளையில் டோபமின் குறைந்திருப்பதைக் கண்டனர். 1967இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கோட்சியாசு, அளவைச் சிறிது சிறிதாக உயர்த்தி வாய்வழியே லெவோடோபா கொடுத்து நோயாளிகளை நடக்க வைத்தார். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு வந்தது.

அவர்களை அசைவற்று நிறுத்திய வேர் நம் நாட்டது. எழுப்பி நடக்க வைத்த விதை நம் நாட்டது. விதையிலிருந்து பொருளைப் பிரித்த கைகளும் நம் மண்ணின் கைகள். இடையில் 30 ஆண்டு எங்கே போயிற்று? ஆய்வுக்கூடம் ஒரு பக்கம் இருந்தது. நோயாளி ஒரு பக்கம் இருந்தார். இருவரையும் இணைக்கும் மருத்துவத்துறை அன்று இங்கே இல்லை. சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவை டாக்டர் பி. இராமமூர்த்தி தொடங்கியதே 1950இல்தான். அடிமை நாட்டு ஆய்வாளன் ஒரு பொருளைக் கண்டு அயலான் ஏட்டில் எழுதலாம். அதை மருந்தாக்க மருத்துவமனையும் பொறியும் பொருளும் எங்கிருந்து வரும்?

"எல்லாம் நம் பழைய ஏடுகளிலேயே இருக்கிறது" என்று இதைக் கேட்டதும் ஒரு கூட்டம் புறப்படும். பழைய மருத்துவர்கள் பூனைக்காலி விதையைப் பயன்படுத்தினர். அவர்களுடைய கூர்த்த பார்வையை நாம் மதிக்கிறோம். ஆனால் விதையில் எது மருந்து, எவ்வளவு மருந்து, எவருக்கு எந்த வேளையில் என்று அளந்து சொன்னது ஆய்வுக்கூடம். ஏட்டைப் பூசையில் வைத்தவர் கண்டதன்று. விதையை அரைத்துச் சோதித்தவர் கண்டது.

பொடியை நம்பிப் போகாதீர்

கோவைக்கும் இதில் பங்குண்டு. பாரதியார் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் துறையினர் 1990களில், மலைவாழ் மக்கள் உண்ணும் பருப்பு வகைகளை ஆராய்ந்தனர். பூனைக்காலியின் சத்தையும் நச்சையும் அளந்து உலக ஏடுகளில் எழுதினர். மலை மக்கள் அந்த விதையைப் பலமுறை வேகவைத்து, நீரை வடித்து வடித்துக் கொட்டிய பிறகே உண்பர். அந்தப் பழக்கத்தின் பொருள் ஆய்வில் விளங்கிற்று. எழுத்தறியாத மலைப்பெண் கண்ட உண்மையைப் பல்கலைக்கழகம் அளந்து உறுதி செய்தது; இதுவே கல்வி.

2004இல் இலண்டனிலும், 2017இல் பொலிவியா நாட்டு ஏழை நோயாளிகளிடமும் பூனைக்காலிப் பொடியை முறையாகச் சோதித்தனர். பயன் தருகிறது என்று கண்டனர். ஆனால் அவை சிறு தொகையினரிடம் நடந்த சோதனைகள். இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே நாட்டுமருந்துக் கடைக்கு ஓட வேண்டாம் என்று எச்சரிக்கிறோம். ஒரு விதைக்கும் மறு விதைக்கும் மருந்தின் அளவு மாறும். அளவு மிகுந்தால் வாந்தி, மயக்கம், மனக் குழப்பம், கட்டுக்கடங்காத உடல் அசைவு எல்லாம் வரும். லெவோடோபாவுடன் கார்பிடோபா சேர்த்த மாத்திரை நாட்டின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றது. மருத்துவர் சொல்லும் வேளையில் அதைக் கொள்வதே முறை. பருப்பும் பாலும் மிகுந்த உணவோடு சேர்த்தால் மருந்து உள்ளே செல்வது தடைப்படும் என்பதையும் நோயாளியின் வீட்டார் அறிய வேண்டும்.

நடுக்கமெல்லாம் நடுக்குவாதம் அன்று என்பதையும் சொல்லிவிடுகிறோம். தலைசுற்றலுக்கென்று மாதக்கணக்கில் விழுங்கும் சின்னாரிசின், ஃப்ளூனரிசின் போன்ற மாத்திரைகளாலும், வாந்தியை அடக்கும் சில மருந்துகளாலும் முதியோருக்கு இதே இறுக்கமும் நடுக்கமும் வரும். மருத்துவர் அந்த மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தணியும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரை வைத்த வினையைச் செய்வினை என்று சொல்லி, கோழியை அறுத்த குடும்பங்கள் எத்தனையோ!

தாளம் தூக்கி விடும் கால்

இந்நோயில் ஒரு வியப்பு உண்டு. வாசற்படியில் அசையாமல் நின்றுவிட்ட மனிதர், தரையில் குறுக்கே கோடுகள் போட்டால் அந்தக் கோடுகளைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுவார். தாளம் ஒலித்தால் அதற்கேற்ப அடி வைப்பார். உள்ளிருந்து வரும் தாளம் கெட்டபோது, வெளியிலிருந்து வரும் தாளம் வேறொரு வழியாக மூளைக்குள் புகுந்து காலை எழுப்புகிறது. கண்ணும் காதும் காலுக்குக் கைகொடுக்கின்றன! 1996இல் அமெரிக்க ஆய்வாளர்கள், தாளத்துக்கு ஏற்ப நாள்தோறும் நடைப்பயிற்சி செய்தோரின் நடை விரைவும் அடியின் நீளமும் கூடுவதைக் காட்டினர். ஆடற்பயிற்சியைப் பற்றியும் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்துள்ளன.

தாளத்துக்குக் கொங்கு நாட்டில் பஞ்சமா? வள்ளிக்கும்மி உண்டு, ஒயிலாட்டம் உண்டு, பறையும் உறுமியும் உண்டு. திருவிழா மேடையிலும் கின்னஸ் சாதனைக்காகவும் ஆயிரக்கணக்கானோர் கூடிக் கும்மியடிப்பதைப் பார்த்து மகிழ்கிறோம். அந்தக் கும்மியின் ஓரத்தில், இரண்டடி முன்னே இரண்டடி பின்னே என்று நடுங்கும் முதியவர்களுக்கும் ஒரு வட்டம் அமையட்டுமே! உடற்பயிற்சி மருத்துவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளட்டுமே! செலவு என்ன? ஒரு பறை. ஒரு திடல். பத்துத் தொண்டர்கள்.

புகையும் நஞ்சும்

நோய் வந்தபின் செய்வதைச் சொன்னோம். வருமுன் தடுக்கக் கூடிய பங்கும் உண்டு. அதைப் பேசும்போதுதான் சிலருக்குக் கோபம் வரும்.

1837இல் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் கூப்பர், மாங்கனீசுத் தாதுவை அரைத்த தொழிலாளருக்குக் கால் தள்ளாடுவதையும் முகம் இறுகுவதையும் எழுதி வைத்தார். எஃகு உருக்கும் பவுண்டரியிலும், வெல்டிங் புகையிலும் மாங்கனீசு இருக்கிறது. பம்புசெட்டுக்கும் வார்ப்புக்கும் பெயர் பெற்ற கோவைக்கு இது அயலூர்ச் செய்தி அன்று. மாங்கனீசு நஞ்சால் வரும் நோய் நடுக்குவாதத்தின் உடன்பிறப்புப் போலத் தோன்றும். ஆனால் லெவோடோபாவுக்கு அவ்வளவாகப் பணியாது. ஆதலால் தடுப்பதே வழி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மாங்கனீசு நஞ்சை அரசுக்கு அறிவித்தே ஆகவேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. சட்டத்தின் ஏட்டில் இருந்தது சரி. கதவடைத்த சிறு பட்டறையில், காற்றுறிஞ்சும் விசிறிகூட இல்லாமல், முகமூடிக்குப் பதில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வெல்டிங் செய்யும் இளைஞனிடம் அந்த ஏடு வந்து சேர்ந்ததா?

வயலுக்கு வருவோம். களைக்கொல்லியாகத் தெளிக்கும் பாராகுவாட் என்னும் நஞ்சைப் புழங்குவோருக்கு நடுக்குவாதம் வரும் வாய்ப்பு மிகுதி என்று பல ஆய்வுகள் காட்டின. ஒவ்வொரு நோயாளிக்கும் அதுவே காரணம் என்று எவரும் சொல்லவில்லை. ஐயத்துக்கு இடமுண்டு என்பதே போதுமான எச்சரிக்கை. 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு இடமில்லாமற் போயிற்று. இங்கே? 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம், ஆபத்தான மருந்தைத் தடுக்க மாநில அரசுக்குத் தந்த காலம் 60 நாள். நீட்டித்தால் இன்னும் 30 நாள்! உழவன் நம் ஊரில். அவன் சுவாசிக்கும் நஞ்சு நம் வயலில். நிலையாகத் தடுக்கும் அதிகாரமோ டில்லியில். மாநில சுயாட்சி என்பது மேடைப் பேச்சுக்கான சொல் என்று நகைப்போர், இந்த 60 நாள் கணக்கைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

ஆய்வு போகும் பாதை

ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. நடுக்குவாதம் கையில் தொடங்குவதில்லை என்பது இன்று தெளிவாகி வருகிறது. கை ஆடுவதற்குப் பல்லாண்டு முன்பே மணம் தெரியாமற் போகும், மலச்சிக்கல் வரும், உறக்கத்தில் கனவுக்கேற்பக் கை கால் உதறிக் கத்துவர். செருமானிய அறிஞர் பிராக் 2003இல், நோய் மூளையில் படிப்படியாகப் பரவும் வழியை வகுத்துக் காட்டினார். உயிரணுக்களில் திரண்டு நிற்கும் ஒரு புரதத்தை, முதுகுத்தண்டின் நீரிலேயே கண்டறியும் சோதனை நம்பத்தக்கது என்று 2023இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. 2025இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களை நோயாளரின் மூளையில் வைத்த முதற்கட்டச் சோதனைகளின் முடிவுகள் வெளியாயின. சிலரிடமே செய்தவை, ஆயினும் நம்பிக்கை தருபவை.

மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்முனை வைத்து நடுக்கத்தை அடக்கும் முறை 1987 முதல் பிரான்சு நாட்டில் வளர்ந்தது. அத்துறையில் இந்தியாவின் முன்னோடிகளுள் ஒருவர் சென்னையில் பணிபுரிந்த டாக்டர் டி.எஸ். கனகா. பெண்ணுக்கு அறுவைக் கத்தி ஆகாது என்று சொல்லிய காலத்தில், 1968இல் நரம்பியல் அறுவைப் பட்டம் பெற்று நின்றவர், 2018இல் மறைந்தார். இன்று தனியார் மருத்துவமனைகளில் அந்த அறுவைக்கு இலட்சக்கணக்கில் செலவாகிறது. ஆலைத் தொழிலாளி எட்டிப் பார்க்கவும் இயலாத உயரத்தில் அது நிற்கிறது.

நாம் கேட்பது

எட்டாத உயரத்தை எட்டும் நாள் வரட்டும். அதுவரை எட்டும் தொலைவில் உள்ளதையேனும் செய்யலாம் அல்லவா?

2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டு வாசலிலே கொடுக்கும் முறை அது. உடலியக்கப் பயிற்சியும் அதில் அடக்கம். வாசல்வரை செல்லும் அந்தச் சகோதரிகளின் குறிப்பேட்டில் இன்னும் நான்கு கேள்விகளைச் சேர்க்க வேண்டுகிறோம். ஓய்ந்திருக்கும்போது கை ஆடுகிறதா? நடக்கும்போது ஒரு கை வீசாமல் நிற்கிறதா? எழுத்தோ குரலோ சிறுத்துவிட்டதா? எழுந்து நிற்கவும் திரும்பவும் முன்னைவிட நேரம் பிடிக்கிறதா? இதற்குப் பொறி வேண்டாம். பரிவுள்ள கண் போதும்.

இரண்டாவது, வட்ட மருத்துவமனைகளில் லெவோடோபா மாத்திரை ஒரு நாளும் தீர்ந்துபோகக் கூடாது. இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. "அடுத்த வாரம் வாருங்கள்" என்ற சொல்லை இந்த நோயாளியிடம் சொல்லலாகாது.

மூன்றாவது, நரம்பியல் மருத்துவர் நகரத்திலேயே இருந்தால் அந்தியூர் மலையடிவாரத்து முதியவர் என் செய்வார்? திங்களுக்கு ஒரு நாளேனும் வட்டத் தலைநகரில் நரம்பியல் முகாம் நடக்க வேண்டும். 1966இல் தொடங்கிய கோவை அரசு மருத்துவக் கல்லூரி அதற்குத் தாயகமாகட்டும்.

நான்காவது, பவுண்டரியிலும் வெல்டிங் பட்டறையிலும் காற்றை அளக்கட்டும். அளவை எழுதிச் சுவரில் ஒட்டட்டும். தொழிற்சங்கங்கள் ஊதியத்துக்குப் போராடுவதுபோல் காற்றுக்கும் போராடட்டும்.

ஐந்தாவது, வங்கியும் நியாயவிலைக் கடையும் நடுங்கும் விரலை ஐயத்தோடு பார்க்கும் வழக்கத்தை விடட்டும். விரல்ரேகை விழாவிட்டால் மாற்று வழி காட்டுவது அலுவலரின் கருணை அன்று, முதியவரின் உரிமை.

இவை ஆகாயக் கோட்டைகள் அல்ல. வாக்குக் கேட்டு எந்தக் கட்சி வந்தாலும், நம் கட்சியே வந்தாலும், இந்த ஐந்தையும் கேளுங்கள் என்று தோழர்களுக்குச் சொல்கிறோம். ஈரோட்டு மண்ணிலே பிறந்த பெரியார், கேள்வி கேட்கக் கற்றுத் தந்தார். "ஏன் நடுங்குகிறது?" என்பதும் ஒரு கேள்விதான். ஊழ்வினை என்று விடை சொல்லி அந்தக் கேள்வியை மூடி வைத்தது ஒரு காலம். மருந்தும் பயிற்சியும் சட்டமும் கொண்டு விடை சொல்வது நம் காலத்தின் கடமை.

நாளைக் காலையில் தெருவிலே ஒரு முதியவர் குறுகிய அடி வைத்து, ஒரு கையை மற்றொரு கையால் பற்றிக்கொண்டு வரக்கூடும். அவருக்கு வழிவிடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள், "மருத்துவரைப் பார்த்தீர்களா, ஐயா?" என்று கேளுங்கள். நாம் கட்டிய ஆலையின் நூலை, உடுத்திய ஆடையின் இழையை, உண்ட சோற்றின் நெல்லைத் தந்த கை அது.